வெளிநாட்டுக் காசு நம்ம கணக்குக்கு வர வழி: கேள்வி பதில்

நெல்லைச் சீமையில் இருந்து இணையத்தில் கடை போட்டிருப்பவர்கள் பேமெண்ட் கேட்வே (வாங்குபவரின் கார்டில் இருந்து பணத்தை எடுத்து நம் வங்கிக் கணக்கில் சேர்க்கும் இணையச் சேவை; ஸ்ட்ரைப், பேபால் எல்லாம் இந்த வகை) பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாரும் "எந்த கேட்வே நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, உங்கள் தொழில் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதுதான். கேட்வே கணக்கு கிடைப்பதும் கிடைக்காததும் அதை வைத்துத்தான். வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது அப்புறம்.

பத்தமடையில் இருந்து: அண்ணாச்சி, நாங்க கோரைப்பாய் நெய்யுத குடும்பம். சிங்கப்பூர்ல, அமெரிக்கால இருந்துலாம் பாய் கேக்காங்க. ஸ்ட்ரைப்ல பதியப் போனா அழைப்பு இருந்தாத்தான்னு வருது. வேற வழி உண்டா?

உண்டு அக்கா. ஸ்ட்ரைப் 2024 மே மாதத்தில் இருந்து இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் புதுக் கணக்கு தருகிறது. அதற்காகக் காத்துக் கிடக்காதீர்கள். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டு வரவு செலவை நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டில் இருந்து பணம் வாங்க இன்றும் உதவும். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்றவற்றில் வெளிநாட்டு கார்டு வசதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கணக்கு திறந்ததும் தானாக வராது. இப்படி எல்லை தாண்டி வரும் பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-இல் தனி விதி போட்டது. ஒரு பரிவர்த்தனைக்கு 25 லட்சம் ரூபாய் வரை என்பது உச்சவரம்பு. பட்டுப்பாய்க்கு அது ஏகப்பட்டது.

இதைவிடப் பெரிய வேலை காகிதத்தில் இருக்கிறது. சரக்கு ஏற்றுமதி என்றால் ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கு அரசு தரும் அடையாள எண்) வேண்டும். டிஜிஎஃப்டி என்ற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே வாங்கலாம், ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஐஇசி மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்தாலே விண்ணப்பம் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஏற்றுமதிக் கணக்கை முடிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

விலை போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 5,000 ரூபாய்ப் பாய்க்கு கேட்வே 3 சதவீதம் எடுத்தால் 150, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27. கையில் 4,823. டாலரை ரூபாயாக மாற்றும்போது போகிற வித்தியாசம் தனி. ராத்திரி பகலாக நெய்த பாய்க்கு இதையெல்லாம் சேர்க்காமல் விலை சொல்லிவிடாதீர்கள் அக்கா.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: எங்க சித்தப்பா மவன் நியூஜெர்சில இருக்கான். அவன் பேர்ல கணக்கு திறந்து காசு வாங்கிக்கிடலாம்னு சொல்லுதான். சரியா வருமா அண்ணாச்சி?

வேண்டாம் தம்பி. சரக்கை அனுப்புவது நீங்கள், காசு வாங்குவது அவர் என்றால் அங்கே அவருக்கு வருமானவரிக் கேள்வி வரும், இங்கே உங்களுக்கு ஏற்றுமதிப் பணம் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். கடை நடத்துபவர் வேறு ஆள் என்று தெரிந்தால் கேட்வே கணக்கை முடக்கும். அப்போது உள்ளே கிடக்கும் பணத்துக்கு யார் பின்னால் அலைவீர்கள்? அமெரிக்காவில் உங்கள் பெயரிலேயே கம்பெனி பதிவது சட்டப்படி முடியும். ஆனால் அது வெளிநாட்டு முதலீடு. 2022-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் அதற்குப் பொருந்தும். ஆடிட்டரைப் பார்க்காமல் அதில் இறங்காதீர்கள்.

காயல்பட்டினத்தில் இருந்து: மச்சான் கொழும்புல துணிக்கடை வச்சிருக்கார். இணையக் கடைக்கு ஸ்ட்ரைப் இல்ல, பேபால்ல பணம் அனுப்பத்தான் முடியுது, வாங்க முடியலங்கார். அவருக்கு என்ன சொல்ல?

அவர் சொல்வது சரிதான். இலங்கைப் பதிவுள்ள கடை அந்த நாட்டு கேட்வேயைத்தான் பார்க்க வேண்டும். பேஹியர், வெப்எக்ஸ்பே இரண்டும் விசா, மாஸ்டர் கார்டு வாங்கும். கொமர்ஷல் வங்கி, சம்பத் வங்கி போன்றவை நேரடியாகவும் இந்த வசதி தருகின்றன. கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே முதலில் கேட்கச் சொல்லுங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து: அப்பளக் கடை விண்ணப்பத்தைக் காரணமே சொல்லாம தள்ளிட்டாங்க.

தளத்தைத் திறந்து பார்த்தேன் அம்மா. பணம் திருப்பித் தரும் விதி இல்லை, டெலிவரி எத்தனை நாள் என்று இல்லை, முகவரி இல்லை, பாதிப் பொருளுக்கு விலையே இல்லை. பார்க்கிற அலுவலர் இது நடக்கிற கடைதானா என்று சந்தேகப்படுவார். இவற்றோடு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

தென்காசியில் இருந்து: நான் விக்கிறது மென்பொருள். எனக்கும் இதே பாடுதானா?

உனக்கு இன்னொரு வழி இருக்கிறது தம்பி. பேடில் போன்ற நிறுவனம் தானே விற்பனையாளராக நின்று, அந்தந்த நாட்டு வரியைக் கட்டி, மிச்சத்தை உனக்கு அனுப்பும். கட்டணம் கூடுதல். ஆனால் பத்து நாட்டு வரிக் கணக்கு உன் தலையில் விழாது. பாய், அப்பளம் மாதிரி சரக்குக்கு இது ஆகாது.

உடன்குடியில் இருந்து: கருப்பட்டி வாங்கின ஒருத்தர் பார்சல் வரலன்னு வங்கில சொல்லி காசைத் திருப்பி எடுத்துட்டார்.

இதுதான் சார்ஜ்பேக். நம்ம ஊர் கார்டுக்கு ஓடிபி கேட்பதுபோல வெளிநாட்டு கார்டுகளுக்கு எப்போதும் கேட்பதில்லை. அதனால் தகராறு வந்தால் இழப்பு பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான். 3டி செக்யூரை (ஓடிபி மாதிரி, கார்டு வைத்திருப்பவர்தானா என்று அவர் வங்கி சரிபார்க்கும் முறை) கட்டாயமாக்க முடியுமா என்று கேட்வேயிடம் கேளுங்கள். டிராக்கிங் எண் இல்லாமல் ஒரு பார்சலும் போகக் கூடாது. இப்போதைய தகராறுக்கு, தபால் ரசீதையும் டெலிவரி ஆன பதிவையும் கேட்வே கொடுத்திருக்கும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். கெடு தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் திரும்பாது.