ஆறு மாதச் சான்றிதழா, நான்கு வருடப் படிப்பா?

கேள்வி: என் மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். என் அண்ணன் மகனுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு வருடமாக அவனைத் தெரபிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இவளும் கூடப் போனாள். இப்போது அதே வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள். ஆறு மாதம் படித்தால் 'சைல்டு தெரபிஸ்ட்' சான்றிதழும் கையோடு வேலையும் தருவதாக ஒரு மையத்தில் சொல்கிறார்கள். கல்லூரியில் நான்கைந்து வருடம் படித்துத்தான் ஆக வேண்டுமா? எதில் சேர்க்கலாம்?

பதில்: முதலில் அந்த ஆறு மாதச் சான்றிதழைப் பேசி முடித்துவிடுவோம். வேண்டாம்.

ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கான சட்டம் 1992-இல் வந்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது அது. பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021-இல் வந்த வேறொரு தேசியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்த இரண்டு பதிவேட்டிலும் பெயர் ஏறாது. அந்த மையம் வேலை தரும் என்பது பொய்யாக இருக்காது. ஆனால் குழந்தையோடு உட்காருவது உங்கள் மகள், அறிக்கையில் கையெழுத்து வேறொருவருடையது என்றுதான் இருக்கும். நல்ல கைப்பக்குவம் உள்ள பெண்கள் இப்படி ஏழெட்டு வருடம் உதவியாளராகவே இருந்துவிட்டு, இனிமேல் கல்லூரியில் சேர முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

சரி, எதில் சேர்ப்பது? 'தெரபிஸ்ட்' என்பது ஒரே வேலை இல்லை. உங்கள் அண்ணன் மகன் போன்ற ஒரு குழந்தை வகுப்பில் தானாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் சாயாமல் உட்காருகிறானா, பாதம் தரையில் படிகிறதா, தலை நிமிர்ந்து நிற்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். கை நீள்கிறதா, விரல்கள் டம்ளரைப் பிடிக்கின்றனவா, பிடிக்காவிட்டால் கைப்பிடி வைத்த டம்ளர் கொடுக்கலாமா, பெஞ்சின் உயரத்தை மாற்றலாமா என்று யோசிப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உதடு மூடுகிறதா, தண்ணீர் புரையேறாமல் இறங்குகிறதா என்பது ஸ்பீச் தெரபிஸ்டின் பொறுப்பு. பலர் இவரைப் பேச மட்டும் கற்றுக்கொடுப்பவர் என்று நினைக்கிறார்கள். விழுங்குவதும் இவர் துறைதான். பேச்சே வராத குழந்தை 'தண்ணீர் வேண்டும்' என்பதைப் படத்தைத் தொட்டோ, கருவியில் பொத்தானை அழுத்தியோ சொல்லப் பழக்குவதும் இவர்தான். தாகம் வந்தால் யாரிடம், எப்போது கேட்பது என்பதை வகுப்பின் நடப்போடு சேர்த்துக் கற்பிப்பவர் சிறப்பாசிரியர். டம்ளர் ஒன்றுதான். அதில் எந்த இடம் உங்கள் மகளை இழுக்கிறதோ, அதுதான் அவள் படிப்பு.

படிப்புகளைப் பார்ப்போம். பேச்சும் செவித்திறனும் சேர்ந்த பி.ஏ.எஸ்.எல்.பி., ஓராண்டு நேரடிப் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருடம். பிசியோதெரபிக்கான பி.பி.டி., ஆக்குபேஷனல் தெரபிக்கான பி.ஓ.டி. இரண்டும் பயிற்சியோடு நான்கரை முதல் ஐந்து வருடம். மூன்றுக்கும் உயிரியல் பிரிவு பொருந்தும். விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. அதனால் போன வருடம் சேர்ந்தவர்கள் சொல்வதை நம்பாமல் இந்த வருடத்து அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள். இளங்கலையில் 'குழந்தைகளுக்கான பிசியோ' என்று தனிப் படிப்பு கிடையாது. முதியவர், விபத்தில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர் என எல்லாரையும் பார்த்துப் பழகிய பிறகு, முதுகலையிலோ வேலையிலோதான் குழந்தைகள் பக்கம் திரும்ப முடியும். இது தெரியாமல் சேர்ந்து இரண்டாம் வருடத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகள் உண்டு. சைக்காலஜி ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கிளினிகல் படிப்பு வேண்டும்.

நான்கு வருடம் வீட்டுச் சூழலுக்கு ஒத்துவராது என்றால் நேர்மையான குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு சேரக்கூடிய, ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற, இரண்டு வருட சிறப்புக் கல்வி டிப்ளமோ. படித்து முடித்துப் பதிவு செய்தால் அவள் பெயரிலேயே வேலை செய்யலாம். ஏதாவது ஒரு பட்டம் பெற்ற பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட். படிப்பது இன்னொரு வழி. பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கி நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. நடப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனாலும் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் படிப்பு என்றால், கல்லூரியின் பெயரும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, அந்தப் படிப்புக்கு இல்லாமல் போகவும் கூடும்.

வேலை எங்கே கிடைக்கும்? மருத்துவமனைகள், தனியார் மையங்கள், சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள். அரசுப் பக்கம், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும், குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வைக்கும் ஏற்பாடு உண்டு. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். புதிதாகப் படித்து வருபவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016 சட்டத்தில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. இன்று மையங்களுக்கு வரும் குழந்தைகளில் இந்த இரண்டுக்காக வருபவர்கள் நிறைய. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் ஏற ஏறத்தான் அது நகரும்.

அப்புறம், விளம்பரங்களில் வராத பக்கம் ஒன்று இருக்கிறது. நான் இந்தத் துறைக்கு வந்தபோது குழந்தைகளோடு விளையாடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பாதி நாள் பேசுவது பெற்றோரிடம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் குழந்தை நம்மிடம் இருப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரம். மீதியெல்லாம் வீட்டில். குளிப்பாட்டும்போது எப்படிப் பிடிப்பது, சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் விடுவது என்று அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவருடைய தெரபி அந்த அறையோடு நின்றுவிடும்.

எல்லாப் பெற்றோரும் முதல் நாளே கேட்பது ஒன்றைத்தான்: "நடப்பானா?" மூளை முடக்குவாதத்தில் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்தவே ஆதரவு வேண்டும். சில வயதுக்கு மேல் இந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. நடக்காது என்று தெரிந்த குழந்தையின் அம்மாவிடம் பொய்யும் சொல்லாமல், கதவையும் அடைக்காமல், சக்கர நாற்காலியில் அவன் எங்கெல்லாம் போகலாம் என்று பேச வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் கற்க முடியாது. முதல் சில வருடங்கள் நான் இதில் சொதப்பியிருக்கிறேன். முன்னேற்றமும் மாதக்கணக்கில் வரும். ஆறு மாதம் உழைத்து ஒரு பட்டனை மாட்டவைப்பது எங்களுக்கு நல்ல அறுவடை. இதைக் கேட்டு அலுப்புத் தட்டுகிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது. உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுந்து, பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கி இறக்கி, முதுகுவலி வராத பிசியோதெரபிஸ்டை நான் பார்த்ததில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறாள். ஆனால் அது ஒரே ஒரு குழந்தை, அதுவும் வீட்டுக் குழந்தை. அவனுக்குத் தெரபி தருகிறவரிடம் கேட்டு, அங்கே வரும் மற்றப் பெற்றோரின் சம்மதத்தோடு, ஒரு வாரம் பிசியோ, ஆக்குபேஷனல், ஸ்பீச் என மூன்று பிரிவுகளிலும் மூலையில் உட்கார்ந்து பார்க்கட்டும். போனில் படம் எடுக்கக் கூடாது. ஏதும் அறிவுரை சொல்லக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். அவளாகவே எதைப் பேசுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள்: ஒரு குழந்தை காலூன்றி நின்றதையா, பட்டனைப் பிடித்த விரல்களையா, முதல் தடவை வந்த அந்தச் சத்தத்தையா? விண்ணப்பத்தை அதற்கப்புறம் நிரப்பலாம்.