வேலூரிலிருந்து பிச்சாவரம் படகுப் பயணம்: அவ்வளவு தூரம் போகலாமா?

ஏலகிரி புங்கனூர் ஏரியிலேயே படகு இருக்கும்போது, படகில் ஏற இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் போங்கள். ஏரியில் படகுதான் விஷயம், சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுதான், அதாவது கடலோர உப்புத் தண்ணீரில் வளரும் காடுதான் விஷயம், படகு அதற்குள் போக ஒரு வழி, அவ்வளவுதான். அதனால் நான் அடித்துச் சொல்வது ஒன்றே ஒன்று: துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும், வேகமாகப் போய் வேகமாகத் திரும்பிவிடுவீர்கள், அந்தச் சத்தத்துக்குப் பறவையும் நிற்காது. துடுப்புப் படகு மட்டும்தான் இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்களின் வேர்கள் வளைந்து தண்ணீரில் இறங்கி நிற்கும் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும், சில இடங்களில் குனிந்துதான் உட்கார வேண்டும்.

உள்ளே போனதும் படகுக்கார அண்ணனிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கரையைப் பாருங்கள். கடல் நீர் வடிந்திருக்கும் நேரமாக இருந்தால் வெண்கண்டல் மரத்தடிச் சேற்றில் விரல் உயரத்துக்கு வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேற்றுக்குள் காற்றே கிடையாது, மரம் மூச்சு விடுவதே இந்த வேர்களால்தான். இலையின் அடியைப் பார்த்தால் உப்புப் படிந்திருக்கும், உறிஞ்சிய உப்பை அப்படித்தான் வெளியே தள்ளுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும், பிறகு கீழே விழுந்து சேற்றில் வேர் விடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது.

நம் பக்கத்து ஆட்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாலாறு. வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலப்பதால்தான் அந்தக் காடு உயிரோடு இருக்கிறது. நம் பாலாறும் வயலூர் பக்கம் கடலில்தான் சேர்கிறது, ஆனால் வருஷத்தில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிவது மணல்தான். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போவது வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு தாங்காது.

பிச்சாவரமும் ஒரு காலத்தில் சீரழிந்த காடுதான். மரங்களைக் கூறு கூறாக மொத்தமாக வெட்டினார்கள், வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது, தேங்கிய தண்ணீரில் உப்பு ஏறியது, அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கிருக்கும் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல் நீரை ஏறி இறங்க விட்டார்கள், அதற்கப்புறம்தான் மறுபடி பச்சை வந்தது. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

போவதற்கு, காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சிதம்பரத்துக்கு ரயில் பாதை இருக்கிறது. முதல் நாள் இரவே போய் சிதம்பரத்தில் தங்கி, காலையில் கிள்ளை வழியாகப் போய்விடுங்கள். படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. வெயில் ஏறிவிட்டால் பெரியவர்களுக்குச் சிரமம், அதோடு காலையில்தான் பறவைகளும் நன்றாகத் தெரியும், குறிப்பாக டிசம்பர், ஜனவரியில். தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.