பாவம் தின்றவரின் பாவம் யார் தலையில்?

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ‘இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸின் எல்லையோரத்தில் இறந்தவரின் பாவத்தைச் சாப்பிட்டுத் தீர்க்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள்! சரி, இந்த முறை முழுக்க அதற்கே.

அமெரிக்க மலையில் குடியேறிய வெல்ஷ் மக்களைப் பற்றி ஒரு படம் பார்த்தேன். பிணத்தின் மேல் வைத்த ரொட்டியை ஒருவன் தின்று பாவத்தை ஏற்றுக்கொள்கிறான். ஊரே அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறது. நிஜமா, கதையா?
– வாசகி, பாளையங்கோட்டை

வழக்கம் நிஜம், அம்மா. அதை அமெரிக்க மலையில் கொண்டுபோய் வைத்ததில்தான் கதை கலந்திருக்கிறது.

முதலில் எழுதிவைத்தவர் ஜான் ஆப்ரி என்ற ஆங்கிலேயர். 1680களில் அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி 1881-இல்தான் அச்சானது. ஊர் வம்பு கேட்கும் ஆசையோடு வரலாறு எழுதியவர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். வேல்ஸை ஒட்டிய இங்கிலாந்து மாவட்டமான ஹெரிஃபோர்ட்ஷயரில் சாவு வீட்டார் ஓர் ஏழையை அழைப்பார்களாம். பிணத்தைத் தூக்கி வெளியே வைத்ததும், அதன் மேலாகக் கை நீட்டி அவனிடம் ஒரு ரொட்டி கொடுப்பார்கள். மேப்பிள் மரக் கிண்ணம் நிறைய பீர், கையில் ஆறு பென்ஸ். தின்று குடித்து முடித்தால் செத்தவரின் பாவம் அவன் கணக்கில். ராஸ் சாலையோரக் குடிசையில் இருந்த ஒருவனை ஆப்ரிக்கு நினைவிருக்கிறது. நெட்டையன், ஒல்லி, அழகில்லாதவன், பார்க்கவே பரிதாபமானவன் என்கிறார். நான்கு சொல்லில் ஆள் எழுந்து நிற்கிறான் பாருங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த காட்சி 1852-இல் மாக்ரிட்ஜ் என்பவர் ஒரு தொல்லியல் கூட்டத்தில் சொன்னதற்கு நெருக்கமானது. தென் வேல்ஸின் லாண்டபியே பகுதியில் பிணத்தின் மார்பில் ஒரு தட்டு உப்பு, உப்பின் மேல் ரொட்டி. பாவம் தின்னி வந்து ஏதோ முணுமுணுத்து ரொட்டியைத் தின்பான். இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாங்கிக்கொண்டு உடனே கண்ணில் படாமல் போய்விட வேண்டும். அக்கம்பக்கத்தார் அவனை அருவருத்து ஒதுக்கினார்கள் என்றார் மாக்ரிட்ஜ். இதைக் கேட்டு வெல்ஷ் அறிஞர்களுக்குக் கோபம் வந்தது. 1870களில் சில்வன் எவன்ஸ் என்ற பாதிரியார், எங்கள் நாட்டில் இப்படி ஒன்று கிடையாது என்று பத்திரிகையில் மல்லுக்கு நின்றார். வலுவான சாட்சிகள் இங்கிலாந்துப் பக்கத்து எல்லை மாவட்டங்களில்தான் இருக்கின்றன என்பதால் அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்க மலைகளைப் பொறுத்தவரை வாய்வழிக் கதைகளே அதிகம். ஆப்ரியைப் போல ‘அவனை எனக்கு நினைவிருக்கிறது’ என்று எழுதிவைத்த சாட்சி அரிது.

எந்த மலை? எப்போது போனார்கள்?
– வாசகர், ஈரோடு

ஒரே மலை இல்லை. பென்சில்வேனியாவின் அலெகேனி மலையில் கேம்ப்ரியா என்றே ஒரு மாவட்டம் 1804-இல் உருவானது. வேல்ஸின் பழைய லத்தீன் பெயர் அது. 1857-இல் டென்னசி மலைக்காட்டில் குடியிருப்பு போடப் போனவர் சாமுவேல் ராபர்ட்ஸ் என்ற சபைப் போதகர். நில வழக்கு, அடுத்து உள்நாட்டுப் போர். நொந்துபோய் 1867-இல் ஊர் திரும்பினார்.

எனக்குப் பிடித்தது ஓஹாயோ கதை. 1818-இல் வேல்ஸில் உள்ள கார்டிகன்ஷயரின் கில்கென்னின் ஊரிலிருந்து ஆறு குடும்பங்கள் புறப்பட்டு, ஓஹாயோ ஆற்றில் படகில் இறங்கி வந்தன. போக நினைத்தது இன்னும் மேற்கே. இரவு கேலிபொலிஸ் கரையில் தங்கினார்கள், விடிந்து பார்த்தால் படகுகளைக் காணோம். புயல் என்பார் சிலர். பயணம் போதும் என்று பெண்கள்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள் என்பார் சிலர். நான் பெண்கள் கட்சி. எப்படியோ, அந்தக் குன்றுகளிலேயே தங்கிவிட்டார்கள். பின்னால் கார்டிகன்ஷயரிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். 1854-இல் அங்கே அவர்கள் எழுப்பிய ஜெஃபர்சன் இரும்பு உலை ஞாயிற்றுக்கிழமை ஓடாது. உலையை ஆறவிட்டால் நஷ்டம் என்று தெரிந்தும் ஓய்வுநாளை விட்டுக்கொடுக்கவில்லை.

அவ்வளவு பக்தியுள்ளவர்கள் இப்படி ஒரு சடங்கை எப்படி ஒத்துக்கொள்வார்கள்? கிறிஸ்துவே ஒரே பலி என்று எபிரெயர் நிருபம் சொல்கிறதே?
– வாசகர், தூத்துக்குடி

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணமும். ஆப்ரியே இந்தச் சடங்கை லேவியராகமத்துப் போக்காட்டோடுதான், அதாவது ஜனங்களின் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்கு விரட்டிய ஆட்டோடுதான் ஒப்பிட்டார். ஆனால் அந்த மலைகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சேப்பல் மக்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்டுகள்: கால்வினிய மெத்தடிஸ்டுகள், சுயாதீன சபையார், பாப்டிஸ்டுகள். செத்தவருக்காக ஜெபம் செய்வதையே கத்தோலிக்க மிச்சம் என்று ஒதுக்கியவர்கள், ரொட்டி தின்ன ஆள் வைத்தால் போதகர் சும்மா இருப்பாரா?

அவர்கள் கொண்டுபோனது வேறொன்று: சையட். வாரநாள் ஒன்றில் மாலையில் சபை உறுப்பினர்கள் மட்டும் கூடும் கூட்டம். 18-ஆம் நூற்றாண்டு வெல்ஷ் பிரசங்கியார் ஹோவெல் ஹாரிஸ் காலத்து பக்தி எழுப்புதலில் வேர் பிடித்தது. பாடலாசிரியர் வில்லியம்ஸ் பன்டிகெலின் அதை நடத்தும் முறை பற்றி 1777-இல் ஒரு புத்தகமே எழுதினார். மூப்பர் ஒருவர் பெஞ்சு பெஞ்சாக வந்து, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பார். பக்கத்துத் தோட்டக்காரர், மாமியார், கடன் கொடுத்தவர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க நீங்கள் பதில் சொல்ல வேண்டும். குடித்தவரையும், கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான பெண்ணையும் எல்லோர் முன்னிலையிலும் சபையிலிருந்து நீக்குவார்கள். மனந்திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பெண்ணுக்குத் துணையாக இருந்த ஆண் பல சமயம் தப்பித்துக்கொள்வான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர் முகம் பார்க்காத பாவம் தின்னியைவிட எனக்கு இந்த பெஞ்சுதான் பயமாக இருக்கிறது.

என் அப்பாவோடு நான்கு வருடம் பேசவில்லை. பேசாமலே அவர் போய்விட்டார். அப்படி ஓர் ஆள் இன்று இருந்தால் என்ன கேட்டாலும் கொடுத்துக் கூப்பிட்டிருப்பேன். கிண்டல் செய்யாமல் பதில் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஆள் உங்களுக்கு உதவியிருக்க மாட்டான், தம்பி. அவன் ஏற்றுக்கொண்டது இறந்தவரின் பாவத்தை மட்டும்தான். ஆறு பென்ஸ் கொடுத்தவர்களின் மனதில் என்ன இருந்தது என்று அவனை யாரும் கேட்கச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உங்கள் அப்பாவின் கணக்கு தீர்ந்திருக்கும். நான்கு வருட மௌனம் உங்களிடமே இருந்திருக்கும். அந்த மலைகளில் அதற்கு இருந்த வழி சையட் பெஞ்சு: இன்னொருவர் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்வது. நீங்கள் பெயர் போடாமல் எனக்கு எழுதியதும் கொஞ்சம் அப்படித்தான். அடுத்த முறை பெயரோடு, உங்கள் அப்பாவைத் தெரிந்த யாரிடமாவது சொல்லுங்கள். அம்மா இருந்தால் அம்மாவிடம்.

பிணத்தின் மேல் உப்பு எதற்கு?
– வாசகி, கும்பகோணம்

கெட்ட ஆவி அண்டாது என்பார்கள், உடல் உப்பாது என்பார்கள். வேல்ஸ், ஸ்காட்லாந்து, அமெரிக்க மலைகள் எல்லா இடத்திலும் இருந்த பழக்கம். பாவம் தின்னி வந்தாலும் வராவிட்டாலும் தட்டு வைப்பார்கள். கடிகாரத்தை நிறுத்துவது, கண்ணாடியைத் துணியால் மூடுவது, இரவு முழுக்கப் பிணத்தோடு விழித்திருப்பது எல்லாம் இதே வரிசை.

சாவை முன்கூட்டியே காட்டும் வெளிச்சம் என்று ஏதோ சொல்கிறார்களே?
– வாசகர், சேலம்

பிண மெழுகுவத்தி. சாவு ஊர்வலம் போகப்போகும் பாதையில், வீட்டிலிருந்து கல்லறை வரை தனியாக மிதந்து போகும் ஒளி. சின்ன நீல ஒளி என்றால் குழந்தை. சுரங்கத்துக்குள் ‘கொப்ளினாய்’ என்ற குள்ளப் பேய்கள் தட்டி, தாது இருக்கும் இடத்தைக் காட்டும் என்பதும் வெல்ஷ் நம்பிக்கைதான்.

சுரங்கம் என்றதும் ஒரு நிஜச் சாவும் நினைவுக்கு வருகிறது. 1869 செப்டம்பர் 6 அன்று பென்சில்வேனியாவின் ஏவன்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 110 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் வெல்ஷ்காரர்கள். சுரங்கத்துக்கு இருந்தது ஒரே வாசல். காற்றோட்டத்துக்காகக் கீழே எரியவிட்ட உலை அந்த வாசலின் மரச்சுவரைப் பற்றவைத்துவிட்டது என்று பேசப்பட்டது. வேண்டுமென்றே வைத்த தீ என்ற வதந்தியும் ஓடியது. அடுத்த வருடம் அந்த மாநிலம் இரண்டாவது வாசல் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அந்த ஒற்றை வாசலுக்கான பாவத்தைத் தின்ன யாரும் ரொட்டி நீட்டியதாக நான் படிக்கவில்லை.

எல்லோர் பாவத்தையும் தின்றவன் செத்தால் அவன் பாவத்தைத் தின்பது யார்?
– கல்லூரி மாணவர், மதுரை

இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். உன் பெயரை மட்டும் போட்டால் மற்ற ஆறு பேர் சண்டைக்கு வருவார்கள்.

கடைசிப் பாவம் தின்னி என்று அறியப்படுபவர் ரிச்சர்ட் மன்ஸ்லோ. வேல்ஸை ஒட்டிய இன்னொரு இங்கிலாந்து மாவட்டமான ஷ்ராப்ஷயரின் ராட்லிங்ஹோப் ஊர்க்காரர், 1906-இல் இறந்தார். அவர் குடிசைப் பிச்சைக்காரர் இல்லை, வசதியான விவசாயி. 1870-இல் செந்நிறக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில்தான் வழக்கொழிந்த சடங்கைக் கையில் எடுத்தார் என்கிறார்கள். காசுக்காக அல்ல என்பது மட்டும் தெளிவு. பிணத்தின் முன் அவர் சொன்னதாக வழங்கும் சொற்களில், எங்கள் பாதைகளிலும் புல்வெளிகளிலும் நீ அலைய வேண்டாம், உன் அமைதிக்காக என் ஆத்துமாவை அடகு வைக்கிறேன் என்று வரும்.

அவருக்காக யாரும் ரொட்டி தின்றதாகப் பதிவு இல்லை. கல்லறை சிதைந்து கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் ஆயிரம் பவுண்டு திரட்டி 2010-இல் அதைச் சீர்செய்தார்கள், ஊர்ப் பாதிரியார் அதற்கென ஓர் ஆராதனையும் நடத்தினார். அடகை மீட்டார்களா என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதே.