'தௌ' என்றால் தாங்களா, நீயா?

கேள்வி: கல்லூரித் தமிழ் மன்ற ஆண்டு விழாவுக்காக, ஹாம்லெட் நாடகத்தில் இளவரசனும் தாயும் மோதிக்கொள்ளும் காட்சியைத் தமிழாக்கி வருகிறேன். மூலத்தில் 'தௌ' வரும் இடங்களில் 'தாங்கள்' என்றும், 'யூ' வரும் இடங்களில் 'நீ' என்றும் எழுதியிருக்கிறேன். ஆங்கில ஜெபங்களில் கடவுளையே 'தௌ' என்றுதானே அழைக்கிறார்கள்? அதனால் அது உயர்ந்த மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒத்திகையில் வாசித்துப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். 'தௌ' என்பதுதான் 'நீ'. 'யூ' என்பது அந்தக் காலத்து 'நீங்கள்'. இடிக்கிறது என்று உங்கள் காது சொன்னது சரி. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பலரும் 'தௌ' என்றால் மரியாதை என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் காட்சியை எப்படி எழுதுவது என்பதும் தெளிவாகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் மரியாதைக்கென்று தனிச் சொல் கிடையாது. எதிரில் இருப்பவர் ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ'. இருவர் மட்டும் என்றால் அதற்கும் ஒரு தனிச் சொல் இருந்தது, அது சீக்கிரமே மறைந்துவிட்டது. அரசனைக்கூட ஒருமையில்தான் அழைத்தார்கள். நமக்கு இது புதிதல்ல. புறநானூற்றுப் புலவர்கள் மன்னனை நேருக்கு நேர் 'நீ' என்று பாடியிருக்கிறார்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. நீயிர், நீர் என்பவை அன்று பன்மைக்கு உரியவை. பிற்பாடுதான் ஒருவரையே பலராகப் பாவித்து 'நீர்' என்று மரியாதையாக அழைப்பது வந்தது.

இங்கிலாந்திலும் அதே கதைதான். 1066இல் நார்மன் படையெடுப்புக்குப் பிறகு ஆள்பவர்களின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. பிரெஞ்சில் நெருக்கமானவருக்கு 'தூ', மேலானவருக்கு 'வூ'. அந்தப் பழக்கம் 13ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்துக்குள் கசிந்தது. பன்மைச் சொற்களான 'யீ', 'யூ' இரண்டும் ஒரே ஆளுக்கான மரியாதைச் சொற்களாக மாறின. 'தௌ' கீழே இறங்கி, குழந்தைக்கும் வேலைக்காரருக்கும் நெருங்கிய நண்பருக்கும் காதலிக்கும் உரியதாயிற்று.

வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன், மூலத்தைப் படிக்கும்போது உதவும். 'தௌ' எழுவாய், அதாவது நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'உன்' என்ற பொருளிலும் வரும். வினைச்சொல்லும் நம் 'நீ வந்தாய்' போல முன்னிலைக்கு ஏற்ப மாறும்: தௌ ஆர்ட், தௌ ஹாஸ்ட், தௌ வில்ட். (பழைய பாணிக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த 'யீ' நாம் பேசும் 'யீ' அல்ல. 'தி' என்ற சொல்லைப் பழைய எழுத்தொன்றால் எழுதிவந்தார்கள், அந்த எழுத்து பார்வைக்கு 'ஒய்' போல ஆகிவிட்டதால் வந்த குழப்பம் அது.)

இனி ஷேக்ஸ்பியர் காலம். நம் செய்தித்தாள்களில் 'அதிகாரியை ஒருமையில் பேசினார்' என்று எழுதுகிறார்களே, அந்த 'ஒருமையில் பேசுவது' என்பதற்கு அன்றைய ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் இருந்தது. அதுவும் 'தௌ'தான். 1603 நவம்பரில் சர் வால்டர் ராலே மீது வின்செஸ்டரில் ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயைப் பார்த்து, 'உன்னை ஒருமையில்தான் அழைக்கிறேன், துரோகியே' என்ற பொருளில் கத்தினார். தண்டனையை நீதிபதி சொல்வதற்கு முன்பே கோக் அந்த மனிதரின் தகுதியைப் பறித்துவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு பிரதிப்பெயர் போதுமாக இருந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டாம் இரவு நாடகத்திலும், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் ஒருவனிடம் சர் டோபி, 'மூன்று தடவை ஒருமையில் போடு, தப்பில்லை' என்று யோசனை சொல்கிறார்.

என் கணக்கில் இந்தச் சொல்லின் முழு வலிமையும் தெரியும் இடம் லியர் மன்னன் நாடகத்தின் முதல் காட்சி. மன்னன் தன் கடைசி மகளை விரட்டுகிறான். விசுவாசமான கெண்ட் பிரபு முதலில் 'அரசே' என்று பணிந்து பேசிப் பார்க்கிறார், மன்னன் கேட்பதாயில்லை. உடனே அவர் குரல் மாறுகிறது: 'கிழவா, நீ என்ன செய்யப்போகிறாய்?' மூலத்தில் அங்கே 'தௌ'. சபை நடுவே, மன்னனைப் பார்த்து. இதை 'தாங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்' என்று தமிழாக்கினால் காட்சியே செத்துவிடும்.

சரி, கடவுளை ஏன் 'தௌ' என்றார்கள்? இங்கேதான் உங்களைப் போலப் பலரும் வழுக்குகிறார்கள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலையில் ஒருமை, பன்மை வேறுபாடு உண்டு, மரியாதை வேறுபாடு இல்லை. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் தந்த டின்டேலும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அந்த எண்ணிக்கையைத்தான் காப்பாற்றின. அங்கே கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ', மீனவனும் 'தௌ'. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம், சாத்தான் 'யூ' என்பவர்களைப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். முதலாவது சீடர்கள் எல்லாரையும் குறிக்கிறது, இரண்டாவது பேதுருவை மட்டும். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிடுவதால் இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. தமிழ் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று அப்படியே இருக்கிறது.

அப்புறம் நடந்தது இதுதான். 17ஆம் நூற்றாண்டில் பொதுப்பேச்சிலிருந்து 'தௌ' வேகமாக மறைந்தது. யாரை எப்படி அழைப்பது என்று தெரியாத நகரச் சூழலில் எல்லாரையும் 'யூ' என்பதே பாதுகாப்பாக இருந்தது. முன்பின் தெரியாதவரை நாம் 'நீங்க' என்று தொடங்குவது போல. பேச்சில் மறைந்த சொல் பைபிளிலும் ஜெபப் புத்தகத்திலும் திருமண உறுதிமொழியிலும் கவிதையிலும் மட்டும் தங்கியது. கோயிலில் மட்டும் காதில் விழும் சொல் புனிதமான சொல்லாகத்தானே தோன்றும்? 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய அமெரிக்க பைபிள், மனிதர்களை எல்லாம் 'யூ' என்று மாற்றிவிட்டுக் கடவுளுக்கு மட்டும் 'தௌ'வை வைத்துக்கொண்டது. அது அந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கியது.

தமிழ் பைபிள் கடவுளை 'தேவரீர்' என்றும் 'உம்முடைய நாமம்' என்றும் மரியாதையாக அழைப்பது மொழிபெயர்ப்பாளர்களின் தேர்வு. அழகான தேர்வுதான். ஆனால் அதை வைத்து 'தௌ' என்றால் தேவரீர் என்று கணக்குப் போடக் கூடாது. 'தௌ'வுக்கு நெருங்கிய தொனி வேண்டுமென்றால் அப்பரிடம் போங்கள்: 'அப்பன் நீ, அம்மை நீ' என்று சிவனை அழைக்கிறாரே, அந்த 'நீ'.

மறைந்துகொண்டிருந்த அந்தச் சொல்லுக்காக அடி வாங்கியவர்களும் உண்டு. ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1650களில், கடவுள் முன் எல்லாரும் சமம், ஒரு மனிதனைப் பன்மையில் அழைப்பது பொய்யும் முகஸ்துதியும் என்றார்கள். நீதிபதியையும் செல்வந்தரையும் 'தௌ' என்றே அழைத்தார்கள், தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அதற்காக வசையும் உதையும் சிறையும் கிடைத்தன. 1660இல் ஃபாக்ஸ் இருவரோடு சேர்ந்து, பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து, ஒருமைக்கு ஒருமை என்பதை நிறுவ ஒரு புத்தகமே போட்டார். சமத்துவத்தைக் கடைசியில் ஆங்கிலம் வேறு வழியில் அடைந்தது: எல்லாரையும் 'நீ' ஆக்காமல் எல்லாரையும் 'நீங்கள்' ஆக்கிவிட்டது. ஆங்கிலத்தில் மரியாதைச் சொல் இல்லை என்று நம்மில் பலர் சொல்கிறோம், உண்மையில் அங்கே இல்லாதது 'நீ'தான். யார்க்ஷயர் போன்ற வட்டாரங்களில் மட்டும் 'தா' என்ற உருவில் அது நெடுங்காலம் நீடித்தது.

இப்போது உங்கள் காட்சி. தாய் கெர்ட்ரூட் மகனை 'தௌ' என்று தொடங்குகிறாள்: 'ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்.' மகன் 'யூ' என்று பதில் சொல்கிறான்: 'அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்.' இதுவரை வீட்டு வழக்கம்தான், நம் வீடுகள் பலவற்றில் இருப்பது போலவே. கவனிக்க வேண்டியது அடுத்த வரி. தாயும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். அது மரியாதை இல்லை, விலகல். கோபம் வந்தால் நம் வீட்டு அம்மாக்கள் 'சரிதான், பெரிய மனுஷர் சொல்லிட்டீங்க' என்பார்களே, அதே குளிர். அந்த இடத்தில் 'சரி சரி, வீண் பேச்சுப் பேசுகிறீர்' என்று வைத்துப் பாருங்கள். 'என்னை மறந்துவிட்டீரா?' என்பது வரை அப்படியே கொண்டுபோகலாம். பிறகு மகன் அவளைப் பிடித்து உட்காரவைக்கும்போது பயத்தில் பழைய சொல் தானாக வந்துவிடுகிறது: 'என்ன செய்யப்போகிறாய்? என்னைக் கொன்றுவிட மாட்டாயே?' அங்கே 'நீ'யைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

திரைக்குப் பின்னால் அமைச்சர் பொலோனியஸ் செத்துக் கிடக்கும்போது ஹாம்லெட் சொல்லும் 'தௌ' இகழ்ச்சி. அங்கே தயங்காமல் 'முட்டாளே' என்று ஒருமையிலேயே எழுதுங்கள்.

ஷேக்ஸ்பியர் எல்லா இடத்திலும் இதை விதி போலப் பின்பற்றவில்லை. சில இடங்களில் காரணமே இல்லாமல் இரண்டும் கலந்து வரும். அதனால் ஒவ்வொரு 'தௌ'வுக்கும் பொருள் தேடி அலைய வேண்டாம். ஒருவர் மற்றவரை அழைக்கும் முறை திடீரென்று மாறும் வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு, நடிகர்களிடம் காட்டுங்கள். கெர்ட்ரூடாக நடிப்பவர் 'பேசுகிறீர்' என்பதற்கு முன் ஒரு கணம் நிற்கட்டும்.