1973 ஷெவர்லே 350 வி8 இன்ஜினின் புகைக் கட்டுப்பாடு: இது என்ன பாகம், கழற்றலாமா?

ஆல்டர்னேட்டர் மாதிரி பெல்ட்டில் ஓடும் ஒன்று இருக்கிறது அண்ணா. வயரே இல்லை, தடித்த ஹோஸ் மட்டும் போகிறது.

அது காற்று பம்ப், தம்பி. எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் புதுக் காற்றை ஊதி, எரியாமல் வெளியேறும் பெட்ரோலை அங்கேயே எரிக்கும். கலிபோர்னியாவுக்கான கார்களில் 1966-லேயே வந்துவிட்டது. ஜி.எம். வைத்த பெயர் ஏ.ஐ.ஆர்., ஃபோர்டு வைத்த பெயர் தெர்மாக்டர். சமாச்சாரம் ஒன்றுதான்.

பெயரை விடுங்கள், ஹோஸைப் பிடித்துக்கொண்டே போங்கள். முதலில் காற்றைத் திசைதிருப்பும் டைவர்ட்டர் வால்வு, அப்புறம் ஒருவழி வால்வு, கடைசியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இறங்கும் இரும்புக் குழாய்கள். ஒருவழி வால்வை ஆறியபின் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போனால் வால்வு போய்விட்டது. சூடான புகை திரும்பி வந்து பம்பையே கெடுக்கும். 'பம்ப் சரியில்லை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வால்வைத்தான்.

கார்புரேட்டர் பக்கத்தில் காளான் மாதிரி ஒன்று?

இ.ஜி.ஆர். வால்வு. கொஞ்சம் எக்ஸாஸ்ட் புகையை மறுபடி உள்ளே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைக்கும். நைட்ரஜன் ஆக்சைடு குறையும். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, அடியிலிருந்து டயாபிரத்தை (வால்வுக்குள் இருக்கும் வளையும் தகடு) மேலே தள்ளுங்கள். இன்ஜின் தடுமாறினால் நல்லது. இன்ஜினின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால் புகை போகும் வழி கரியால் அடைத்திருக்கிறது. கரியைச் சுரண்டி எடுங்கள், வால்வைத் தூக்கி எறியாதீர்கள். வால்வை எடுத்துவிட்டு டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) அப்படியே விட்டால், ஏற்றத்தில் இன்ஜின் தட்டும்.

பி.சி.வி. வால்வை அடைத்துவிடலாமா சார்?

வேண்டவே வேண்டாம். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் புகையை வெளியே இழுப்பது அதுதான். அடைத்தால் அங்கே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசியும். வால்வைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிது போடுங்கள்.

முன்பக்க மூலையில் மூன்று ஹோஸ் போகும் கறுப்பு டப்பா?

கரி டப்பா. டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து இன்ஜினுக்கே கொடுக்கும். எடுத்தால் கொட்டகை முழுக்க பெட்ரோல் வாடைதான்.

கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்கு ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) இல்லையே, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்தானே?

சோதனை இல்லை, சரி. ஆனால் கழற்ற அனுமதி என்று அதற்கு அர்த்தமில்லை. ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, படம் எடுத்துவிட்டு, வெடித்ததை மட்டும் மாற்றுங்கள். பானெட்டுக்கு அடியில் பழைய ஸ்டிக்கர் மிஞ்சியிருந்தால் டைமிங், ஐடிலிங் அளவெல்லாம் அதிலேயே இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.