ஷாக் மாற்றினால் சத்தம் போய்விடுமா?

கேள்வி: என் காருக்கு 14 வயது. 1,20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட முன்பக்கம் 'டொக் டொக்' என்கிறது. வலது முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவதாக மெக்கானிக் சொல்கிறார். அதை மட்டும் மாற்றினால் போதுமா, ஐயா?

பதில்: மேலே லேசாக ஈரம் படிந்திருந்தால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. ஆயில் வழிந்து, அதில் மண் அப்பிக் கிடந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வளைவிலும் பிரேக் போடும்போதும் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். பின்பக்கம் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

ஆனால் அந்த 'டொக் டொக்' ஷாக்கிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஷாக் போன வண்டி சத்தம் போடுவதைவிட ஆடுவதுதான் அதிகம். ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிய பிறகும் அடங்காமல் எழும்பி எழும்பி விழும். டயரைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும்.

சின்னப் பள்ளத்துச் சத்தம் என்றால் என் சந்தேகம் முதலில் லிங்க் ராட் மேல்தான். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இருக்க இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையைப் பிடித்திருக்கும் விரல் தடிமன் கம்பி அது. பல வண்டிகளில் இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) இருக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். அப்படித் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துவிடும். உள்ளே இருக்கும் ஆட்டம் தெரியாது. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது) மேல் மவுண்ட் பேரிங்கைப் பாருங்கள். பிரேக் போடும்போது மட்டும் ஒரு தட்டுச் சத்தம் கேட்டால், சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் கட்டை), தூசு மறைக்கும் ரப்பர் உறை எல்லாவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். இவற்றை விட்டுவைத்தால் நாளைக்கு அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க நேரும்.

கேள்வி: வீட்டிலேயே நானே மாற்றலாமா?

பதில்: பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் வண்டிகளில் கைப்பழக்கம் உள்ளவர் மாற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழையக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட் வேண்டாம். அதில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் போட்டு இறுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். தொங்கலில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். பிறகு 'பார்ட்ஸ் சரியில்லை' என்று பழி வேறு! அப்புறம், ஸ்ட்ரட்டின் நடு நட்டை இறுக்கும்போது உள்ளே ஷாக்கின் ராடும் சேர்ந்து சுற்றினால் அதைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள். அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும், ஆயில் சீல் அறுபட்டுவிடும்.

கேள்வி: பின்பக்கம் தாழ்ந்து போயிருக்கிறது. புது ஷாக் போட்டால் உயருமா?

பதில்: உயராது. சாதாரண ஷாக் பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவதோடு சரி. பாரம் தாங்குவது ஸ்பிரிங். அது தளர்ந்திருக்கிறதா, ஒரு சுற்று உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடிச்சுற்றில், துருப்பிடித்த இடத்தில்தான் உடையும். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றி, வீல் அலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.