கப்புக்குத் தனியாகக் காசு வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். அவள் இருக்கும் ஊரில் காபியைப் பேப்பர் கப்பில் வாங்கினால் கப்புக்கு மட்டும் 50 சென்ட் கூடுதலாம். குப்பையைக் குறைக்கிறோம் என்று சொல்லி மக்களிடம் காசு பறிக்கிற வேலைதானே இது?
– ஒரு வாசகி, ஈரோடு

மகள் சொல்லும் ஊர் ட்யூபிங்கன் என்று நினைக்கிறேன். 2022 ஜனவரி 1-லிருந்து அங்கே கப்புக்கு 50 சென்ட், ஸ்பூன், ஃபோர்க் மாதிரியானவற்றுக்கு 20 சென்ட் என்று வரி போட்டார்கள். நகராட்சி இதைக் கடைக்காரரிடம்தான் வாங்குகிறது, அவர் விலையோடு சேர்த்துவிடுகிறார். ஒரு துரித உணவுக் கடைக்காரர் வழக்குப் போட்டு, அது நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் வரி செல்லும் என்று தீர்ப்பு வெளியானது.

பறிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தெருத் தொட்டியில் வழிகிற கப்பை அள்ளுகிற செலவு இதற்கு முன்னாலும் இருந்தது, வீட்டிலேயே காபி குடிக்கிறவர்கள் உட்பட ஊரில் எல்லோரும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கப்பை எடுக்கிறவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். அதோடு, திரும்பப் பயன்படுத்தும் பாத்திரமும் அதைக் கழுவ மெஷினும் வாங்குகிற கடைகளுக்கு நகராட்சி பண உதவியும் செய்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வேறு வழியைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் காசு கேட்டால் யாரும் பெரிதாகக் கோபப்படுவதில்லை.

கேள்வி: காசு வாங்குவதற்குப் பதில், சொந்த டம்ளர் கொண்டு வருகிறவர்களுக்கு விலையில் கொஞ்சம் குறைத்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே?
– வாசகர், திருச்சி

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் எடுபடவில்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காபிக் கடைகளில் இரண்டையும் செய்து பார்த்தார்கள், முடிவு 2017-ல் வந்தது. கப்புக்குத் தனிக்காசு என்றதும் சொந்தக் கோப்பை கொண்டு வருவது கூடியது. தள்ளுபடிக்கு ஒரு அசைவும் இல்லை. கூடியதும் கொஞ்சம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காரணத்தை யோசித்துப் பாருங்கள், பத்து ரூபாய் மிச்சம் என்றால் 'சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று போய்விடுவோம், கையிலிருந்து இரண்டு ரூபாய் போகிறது என்றால் அந்த இடத்திலேயே நின்று யோசிப்போம். துணிக்கடையில் பைக்குக் காசு என்றதும் வீட்டிலிருந்து பை எடுத்துக்கொண்டு போகப் பழகியவர்கள்தானே நாம்.

ஒரே ஒரு நிபந்தனை. கப்புக்கு எவ்வளவு என்பது பில்லில் தனி வரியாகத் தெரிய வேண்டும். காபி விலைக்குள்ளேயே கரைத்துவிட்டால் யாருக்கும் உறைக்காது.

கேள்வி: இப்படி ஆரம்பித்துத் தோற்ற ஊர் ஏதாவது உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உண்டு. கனடாவில் வான்கூவர். 2022 ஜனவரியில் கப்புக்கு 25 சென்ட் என்று கொண்டு வந்தார்கள், 2023 மே மாதம் எடுத்துவிட்டார்கள். அந்தக் காசு நகராட்சிக்கும் போகவில்லை, குப்பை அள்ளவும் போகவில்லை, கடைக்காரரிடமே தங்கிவிட்டது. வாங்குகிறவருக்கு எப்படி மனம் வரும்? கையில் பணமில்லாத ஆட்களை இது அதிகம் பாதிக்கிறது என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: நான் டீக்கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு டீ ஓடும். கப்பு ஒன்று எண்பது பைசா. கண்ணாடி கிளாஸ் என்றால் உடைகிறது, கழுவ ஆள் இல்லை, தண்ணீரை லாரியில் வாங்குகிறேன். கொரோனாவுக்கு அப்புறம் ஆட்களே கப்பில் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கப்புக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கினால் சரியாக வருமா?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்தே தடை இருக்கிறது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. தடை செய்த பொருளுக்குக் காசு வாங்குவது எப்படிச் சரியாகும்? கப்பு சுத்தம் என்று கேட்கிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: காரக்பூர் ஐஐடியில் அந்த மாதிரிக் கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்ததில், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் கலந்திருந்தன.

கணக்கையும் போடுவோம். முந்நூறு கப்புக்கு நாளைக்கு 240 ரூபாய், மாதம் 7,200. அந்தப் பணத்தில் காலையும் மாலையும் இரண்டு இரண்டு மணி நேரம் கழுவ ஒரு ஆளைப் பேசிப் பார்க்கலாம். உடைவதுதான் பிரச்சினை என்றால் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. நான் போகிற கடையில் மாஸ்டர் ஒரு வாளியில் முதல் அலசு, இன்னொன்றில் கொதிநீர், பாய்லரிலிருந்தே பிடித்து ஊற்றுகிறார், ஆவி பறக்க கிளாஸைக் கவிழ்த்து வைப்பதை நின்று பார்க்கிறவர் யாரும் அங்கே கப்பு கேட்பதில்லை. எதிர்க்கடை வாசலில் சாயங்காலம் ஆனால் கசங்கிய கப்பு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது, அடியில் தங்கிய சர்க்கரைக்கு ஈ மொய்க்கிறது, மழை பெய்தால் அத்தனையும் சாக்கடைக்குள் போய் அடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது மனதை உறுத்துகிற விஷயம். இரட்டைக் குவளை இருந்த சில ஊர்களில், அது போன இடத்தில் சிலருக்கு மட்டும் கப்பு என்று வந்ததை நாம் செய்திகளில் படித்திருக்கிறோம். எந்தத் திட்டம் வந்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே கிளாஸ் என்பதில் தளர்ச்சியே கூடாது.

பார்சலுக்கு வேண்டுமானால் முன்பணம் வாங்குங்கள். டம்ளருக்கு இருபது ரூபாய் வையுங்கள், திருப்பிக் கொடுத்தால் இருபதும் கையில். நம் ஆட்கள் திரும்பக் கொண்டு வருவார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். 2022-ல் நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் அங்கே கவலை. விற்ற பாட்டிலில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது, அதைப் பார்த்துத்தான் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு போனார்கள்.

கேள்வி: தூக்குவாளி எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டு நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் வாளியைப் பார்த்ததுமே 'நாலு டீயா அக்கா?' என்று கேட்டு ஆற்ற ஆரம்பித்துவிடுவார் மாஸ்டர். மூடியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், வீடு வரும் வரை சூடு நிற்கும்.